தீர்ப்புக்கு என்ன அவசரம்? ஆர்சனல் அகாடமிப் பையன்களைப் பார்த்துப் பழகியது

இளம் வீரர்களிடம் பொறுமை வேண்டும் என்று சொல்லாத, லண்டனின் ஆர்சனல் கால்பந்துக் கிளப்பின் ரசிகரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்தப் பொறுமை பெரும்பாலும் மூன்றாவது தவறான பாஸ் வரை தாங்கும். நான்காவதில், "இவனை வேறு ஏதாவது கிளப்புக்குக் கடனுக்கு அனுப்பித் தொலைக்க வேண்டியதுதானே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். போன மாதம் அதே பையனை வருங்கால இங்கிலாந்து கேப்டன் என்று தலையில் வைத்துக் கொண்டாடியவர்களும் இவர்களேதான். லண்டனுக்கு வேலைக்கு வந்த காலத்திலிருந்து இந்தக் கிளப்பின் பின்னால் சுற்றிக்கொண்டிருப்பவன் நான். சிறுவர்களை எடுத்து வளர்க்கும் கிளப் அகாடமியின் இளையோர் அணிகள் ஆடும் ஆட்டங்களைப் பழக்கமாகப் பார்க்க ஆரம்பித்த பிறகு, திட்டுவதைவிடக் கொண்டாடுவதில்தான் நமக்கு அவசரம் அதிகம் என்று படுகிறது. எவ்வளவு உயரத்தில் தூக்கிவைக்கிறோமோ அவ்வளவு உயரத்திலிருந்துதானே பிறகு கீழே போடுகிறோம்.

இளையோர் ஆட்டங்களுக்குப் போனதற்குக் காரணம் லட்சியம் ஏதும் கிடையாது, சிக்கனம். ஆர்சனலின் சொந்த மைதானமான எமிரேட்ஸ் அரங்கில் அறுபதாயிரம் இருக்கைகள் இருந்தும், முதல் அணியின் ஆட்டம் பார்க்க உறுப்பினர்கள் குலுக்கலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 21 வயதுக்குட்பட்டோர் அணியோ பெரும்பாலும் போர்ஹம்வுட்டில் உள்ள மெடோ பார்க்கில் ஆடுகிறது. செயின்ட் பேங்க்ராஸில் தேம்ஸ்லிங்க் ரயில் பிடித்து, எல்ஸ்ட்ரீ அண்ட் போர்ஹம்வுட் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். நாலாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும் இடம். இளையோர் ஆட்ட நாள்களில் அதிலும் பெரும்பகுதி காலியாகவே கிடக்கும்.

எமிரேட்ஸில் ஆட்டத்தைப் பார்க்கத்தான் முடியும். இங்கே கேட்கவும் முடியும். முதுகுக்குப் பின்னால் ஆள் வருகிறான் என்று எச்சரிக்கும் "மேன் ஆன்", திரும்ப இடமிருக்கிறது என்று சொல்லும் "டர்ன்", கோல்கீப்பர் தன் முன்னால் நிற்கும் நால்வரையும் பெயர் சொல்லி நகர்த்திக்கொண்டே இருப்பது, எல்லாம் காதில் விழும். சில ஆட்டங்கள் பார்த்தாலே ஒன்று புரிந்துவிடும்: பையன்களில் சிலர் தொண்ணூறு நிமிடமும் பேசிக்கொண்டே ஆடுகிறார்கள், சிலர் வாயே திறப்பதில்லை. முதல் வகையினருக்குப் பந்து கொஞ்சம் சுலபமாகக் கிடைக்கிறது. தொலைக்காட்சியில் இது தெரியவே தெரியாது.

பெற்றோர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது எளிது. சத்தமே வராத வரிசை அது. மற்றவர்கள் கத்துவார்கள், சிரிப்பார்கள், லைன்ஸ்மேனிடம் வம்புக்குப் போவார்கள். அந்த வரிசையில் ஓர் அப்பா, காகிதக் கோப்பையில் ஆறிப்போன தேநீரைப் பிடித்தபடி, பந்து மகனிடம் வரும்போதெல்லாம் தன் வலது முழங்காலை லேசாக அசைத்துக்கொண்டிருந்தார். பந்து போனதும் கால் நின்றுவிடும். அரை நேரத்தில்கூட அவர் அந்தத் தேநீரைக் குடிக்கவில்லை.

அன்று வலது ஓரத்தில் ஆடிய பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் உடனே தேடிப்பார்த்துத் தீர்ப்பு சொல்வார்கள். எதிரணியின் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன், முழு ஆணாக வளர்ந்துவிட்டவன். நம் பையனுக்கு இன்னும் தோள் அகலவில்லை. முதல் முறை பந்தை உருட்டிக்கொண்டு அவனைத் தாண்டப் பார்த்தான். தோளால் ஒரு தள்ளு, புல்லில் விழுந்தான். இரண்டாவது முறையும் அதேதான். மூன்றாவது முறை பந்து பறிபோய் எதிர்த்தாக்குதலாகவே மாறியது. எனக்குப் பக்கத்தில் நின்றவர், "இவன் தேறமாட்டான்" என்று தம் நண்பரிடம் சொன்னார்.

நான்காவது முறை பந்து வரும் முன்பே அவன் இரண்டு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான். ஓரக்கோட்டை விட்டு உள்ளே நகர்ந்து, ஒரே தொடுதலில் நடுக்கள வீரனிடம் கொடுத்துவிட்டு, அந்த லெஃப்ட் பேக்கின் முதுகுப் பக்கம் ஓடினான். திரும்பப் பந்து வரவில்லை. நடுக்கள வீரன் பார்க்கவில்லை, வேறு பக்கம் கொடுத்துவிட்டான். பையன் இரண்டாம் பாதியில் மாற்றப்பட்டு, குளிர் கோட்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். ஆட்ட அறிக்கையில் அவனைப் பற்றி ஒரு வரி இருந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் வலுவால் முடியாத இடத்தை யோசனையால் கடக்க முடியும் என்று அவன் முப்பது நிமிடத்துக்குள் கண்டுபிடித்திருந்தான். அந்த ஓட்டத்தைப் பார்த்தது நான் மட்டுமல்ல; களத்துக்கு வெளியே ஓரமாக நின்ற பயிற்சியாளர் கை தட்டினார்.

அப்போதிருந்து கோல்களையும் தாண்டல்களையும் எண்ணுவதை விட்டுவிட்டேன். பந்து வரும் முன் தலை திரும்புகிறதா, பந்தை இழந்த அடுத்த சில விநாடிகளில் கால் எங்கே போகிறது, தவறு செய்த பிறகும் பந்தைக் கேட்கிறானா அல்லது எதிரணி வீரனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறானா என்று பார்க்கிறேன். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். தவறே செய்யாத பையனைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். பாதுகாப்பாகப் பின்னாலேயே பாஸ் கொடுத்துக்கொண்டு நல்ல பெயர் வாங்கிவிடலாம். முதல் அணியின் கதவை அது திறக்காது. இன்னொன்று, முடிந்தால் இஎஃப்எல் டிராபி ஆட்டங்களைப் பாருங்கள். மூன்றாம், நான்காம் நிலை லீக் கிளப்புகளின் முதல் அணிகளோடு, அதாவது வீட்டுக்கடன் கட்டும் பெரியவர்களோடு, இந்தப் பையன்கள் மோதுவது அங்கேதான். இளையோர் லீக்கில் நான்கு பேரை வளைத்து வளைத்துத் தாண்டுகிறவன் அங்கே ஒரு முழங்கை இடிக்குப் பிறகு என்ன செய்கிறான் என்பது, பத்துக் காணொளித் துணுக்குகளைவிட அதிகம் சொல்லும்.

உடல் வளர்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் அவசரத் தீர்ப்புகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. இங்கிலாந்தில் வயதுப் பிரிவு பள்ளி ஆண்டைப் பின்பற்றுகிறது. செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். ஒன்பது வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்பது சின்ன விஷயமா? அகாடமிகளில் அந்தப் பள்ளி ஆண்டின் முதல் காலாண்டில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பது பலகாலமாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஆர்சனலையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அகாடமியில் வளர்ந்து முதல் அணிக்கு வந்த புகாயோ சாகா பிறந்தது 2001 செப்டம்பர் 5. மைல்ஸ் லூயிஸ் ஸ்கெல்லி 2006 செப்டம்பர் 26. இருவரும் தம் பிரிவில் மூத்த பிள்ளைகள். இதே கிளப் சிறுவயதில் ஒரே பருவத்தோடு வேண்டாம் என்று அனுப்பிய ஹாரி கேன் பிறந்தது 1993 ஜூலை 28. பதின்மூன்று வயதில் அனுப்பிய எபெரெச்சி எஸே 1998 ஜூன் 29. கேன் எங்கள் பரம எதிரியான டாட்டன்ஹாமுக்குப் போய் எங்களுக்கு எதிராகக் கோல்களைக் குவித்தார். அதை இன்னும் ஜீரணிக்க முடியாதவர்கள் என் நண்பர் வட்டத்திலேயே உண்டு. எஸே ஃபுல்ஹாம், ரெடிங், மில்வால் என்று கிளப் கிளப்பாக ஏறி இறங்கி, குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் நிலைபெற்று, கிரிஸ்டல் பேலஸில் பெயர் எடுத்தார். 2025இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ஒரே கோலை அடித்தவர் அவர்தான். அந்த ஆகஸ்டில் ஆறு கோடி பவுண்டு அளவில் கொடுத்து ஆர்சனல் அவரைத் திரும்ப வாங்கியது. சும்மா வைத்திருந்திருக்கலாம்.

இதை விதியாக்கிவிடவும் கூடாது. எமில் ஸ்மித் ரோ பிறந்ததும் ஜூலை 28தான், 2000ஆம் ஆண்டு. அவரைச் சிறுவயதில் ஆர்சனல் விடவில்லை. ஆனாலும் ஒரு பையனைப் பற்றிப் பேச்சு வரும்போது நான் முதலில் பார்ப்பது பிறந்த மாதத்தை. ஜாதகம் பார்ப்பதுபோல இருக்கிறது என்று மனைவி கேலி செய்வாள். இப்போது அகாடமிகளே பையனின் உயரம், எடை, பெற்றோரின் உயரம் ஆகியவற்றை வைத்து அவன் முழு வளர்ச்சியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று மதிப்பிடுகின்றன. பிறந்த தேதியை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியின்படி அணி பிரித்து ஆட்டங்களும் வைக்கின்றன.

என் அக்கா மகன் ஆகஸ்டில் பிறந்தவன். லண்டனில் உள்ள ஒரு பெரிய கிளப்பின் அகாடமியில் ஒன்பது வயதுப் பிரிவில் சேர்ந்தான். எந்தக் கிளப் என்பது வேண்டாம். ஹாரோவிலிருந்து வாரத்தில் பல மாலைகள் பயிற்சி, ஞாயிறன்று ஆட்டம். அத்தான் வேலையிலிருந்து நேராக வந்து மகனை ஏற்றிக்கொண்டு போவார். பயிற்சி முடியும் வரை காரிலேயே மடிக்கணினியைத் திறந்து மிச்ச வேலையைப் பார்ப்பார். பையன் பின்னிருக்கையில் வீட்டுப்பாடம் எழுதுவான், இட்லியைத் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் கையில் பிடித்துச் சாப்பிடுவான். கிளப்பின் சின்னம் பதித்த பயிற்சி உடையோடு அவன் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது உறவினர் அத்தனை பேரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எத்தனை வயதில் முதல் அணிக்கு வருவான் என்று ஒரு பெரியப்பா அன்றே கேட்டார்.

பதினான்கு வயதுப் பிரிவோடு விட்டுவிட்டார்கள். பயிற்சியாளர் முகத்துக்கு நேரே, மரியாதையாகத்தான் சொன்னாராம்: ஆட்ட நுட்பம் இருக்கிறது, வேகம் போதவில்லை. அந்த வார இறுதியில் அத்தான் காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த கிளப் ஸ்டிக்கரை அக்காவின் ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்துக்கொண்டிருந்தார். பாதி வந்தது, பசை மட்டும் வட்டமாக ரொம்ப நாள் அப்படியே இருந்தது. பையன் அடுத்த ஆண்டில் மளமளவென்று வளர்ந்து என் தோளைத் தாண்டிவிட்டான். உடனே எங்கள் வீட்டில் எல்லோரும் கிளப்பைக் குறைசொல்ல ஆரம்பித்தோம். அவனோ, "மாமா, வளர்ந்த பிறகும் எனக்கு அந்த வேகம் வரவில்லை. அவர்கள் சொன்னது சரியாகவும் இருக்கலாம்" என்றான். இப்போது பல்கலைக்கழக அணியில் ஆடுகிறான். ஆட்டம் முடிந்து வரும்போது முகத்தில் இருக்கும் வெளிச்சத்தை அகாடமிக் காலத்தின் கடைசி ஆண்டில் நான் பார்த்ததில்லை.

அவனைப் பார்த்த பிறகு, பிள்ளை அகாடமியில் இருக்கும் நண்பர்களிடம் சிலவற்றை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. திரும்பி வரும் காரில் ஆட்டத்தைப் பற்றிப் பெற்றோராக ஆரம்பிக்காதீர்கள். அவனே பேசினால் கேளுங்கள். பள்ளி நண்பர்களோடு பூங்காவில் ஆடுவதைக் கிளப் தடுக்காதவரை நிறுத்தாதீர்கள். மதிப்பீட்டுக் கூட்டத்தில் "என் மகன் எப்படி?" என்று கேட்பதைவிட, "வளர்ச்சியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறான், அதைக் கணக்கில் எடுத்தீர்களா?" என்று கேளுங்கள். பதினாறு வயதில் இரண்டாண்டு உதவித்தொகை ஒப்பந்தம், பதினேழில் தொழில்முறை ஒப்பந்தம் கையெழுத்திடத் தகுதி என்ற படிகள் வரை போகிறவர்கள் சிலரே. அதில் முதல் அணிக்குப் போகிறவர்கள் அதிலும் சிலர். உறவுக்காரர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது பையனுக்குச் செய்யும் பேருதவி. கல்யாண வீட்டுக் கேள்விகளை அவன் ஒருவனே சமாளிக்க வேண்டியிருக்காது.

மறுபடி ஆர்சனலுக்கு வருவோம். 2023 ஏப்ரல் 25, எமிரேட்ஸில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக எஃப்ஏ இளையோர் கோப்பை இறுதி ஆட்டம். அரையிறுதியில் மான்செஸ்டர் சிட்டியைக் கூடுதல் நேரத்தின் கடைசிக் கட்டத்தில் லூயிஸ் ஸ்கெல்லி அடித்த கோலால் வென்றிருந்தோம். பயிற்சியாளர் ஜாக் வில்ஷர், ஆர்சனலின் ஹேல் எண்ட் அகாடமியில் வளர்ந்தவர். கேட்க வேண்டுமா? முதல் கோலும் நமக்கே. அதன் பிறகு வெஸ்ட் ஹாம் ஐந்து அடித்தது. அவர்களின் கேப்டன் கிடியன் கொடுவா ஏறக்குறைய நடுக்கோட்டு அருகிலிருந்து கோல்கீப்பரின் தலைக்கு மேலாக அனுப்பிய பந்து வலைக்குள் விழுந்தபோது, எங்கள் பக்கத்தில் பலர் எழுந்து ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். 5-1. நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம், இந்த வருடத்துக் கூட்டத்தில் யாரும் தேறமாட்டார்கள் என்ற பேச்சுத்தான்.

அந்தக் கூட்டத்தில் பதினாறு வயதான லூயிஸ் ஸ்கெல்லியும் ஈத்தன் ந்வானேரியும் இருந்தார்கள். 2025 பிப்ரவரி 2 அன்று அதே எமிரேட்ஸில், லீக் சாம்பியனான மான்செஸ்டர் சிட்டியை ஆர்சனல் 5-1 என்று வென்றது. லூயிஸ் ஸ்கெல்லி ஒரு கோல் அடித்து, சிட்டியின் கோல் வேட்டைக்காரர் எர்லிங் ஹாலண்டின் பாணியில் சம்மணமிட்டுத் தியானம் செய்து காட்டினார். ஐந்தாவது கோலை ந்வானேரி வளைத்து அடித்தார். அன்றும் எண்ணிக்கை ஐந்துக்கு ஒன்றுதான். அன்றைய பேச்சும் அதே அளவுக்கு அவசரம். இரண்டு பேருக்கும் சிலை வைக்காத குறை.

அந்த இளையோர் இறுதியை வென்ற வெஸ்ட் ஹாம் அணிக்கும் வாழ்க்கை அப்படியொன்றும் நேர்கோட்டில் போகவில்லை. அப்போது அதிகம் பேசப்பட்ட டிவின் முபாமா அடுத்த ஆண்டே மான்செஸ்டர் சிட்டிக்கு மாறி, அங்கிருந்து ஸ்டோக்குக்குக் கடனில் போனார். கேப்டன் கொடுவாவும் முதல் அணியில் நிலைக்கவில்லை. பதினாறு வயதில் யார் வென்றார்கள் என்பதற்கும் பத்தொன்பதில் யார் ஆடுகிறார்கள் என்பதற்கும் நான் நினைத்த அளவுக்குச் சம்பந்தமில்லை.

ந்வானேரியின் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 18, பிரெண்ட்ஃபோர்ட் மைதானத்தில் கடைசி நிமிடங்களில் அவரை இறக்கினார் ஆர்சனல் மேலாளர் மிக்கேல் ஆர்டேட்டா. வயது 15 ஆண்டு 181 நாள். இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் வரலாற்றிலேயே இளையவர். அங்கே போயிருந்த ஆர்சனல் ரசிகர்கள் "நாளைக்குக் காலையில் அவனுக்குப் பள்ளிக்கூடம்" என்று பாடினார்கள். மறுநாள் ராணி எலிசபெத்தின் இறுதிச் சடங்குக்காக நாடே விடுமுறை என்பது பாடியவர்களுக்கு ஞாபகம் இல்லை. அன்றிரவு என் கைப்பேசியில் வந்து குவிந்த செய்திகளைப் பார்த்தால், அடுத்த வாரமே அவர் தொடக்க அணியில் ஆடப்போகிறார் என்று தோன்றும். அவர் அடுத்த பிரீமியர் லீக் ஆட்டத்தில் கால் வைத்தது 2024 பிப்ரவரி 11, வெஸ்ட் ஹாமை 6-0 என்று வென்ற நாளில். ஏறத்தாழ பதினேழு மாத இடைவெளி. அந்த இடைவெளியில் பையன் வளர்ந்தான், பள்ளித் தேர்வு எழுதினான், இளையோர் அணியில் ஆடினான். நாங்கள்தான், "ஏன் ஆடவிடவில்லை, என்ன ஆயிற்று, கிளப் வீணடிக்கிறது" என்று புலம்பிக்கொண்டிருந்தோம். 2024-25 பருவத்தில் அவர் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து ஒன்பது கோல் அடித்தபோது, அந்தப் புலம்பலை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

கடனுக்கு அனுப்பும் விஷயத்திலும் இதே அவசரம் உண்டு. ஒரு பையன் கடனில் போய்ச் சரியாக ஆடவில்லை என்றால் கதை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆர்சனலின் செர்ஜ் க்னாப்ரி 2015-16இல் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்குக் கடனில் போனார். லீக்கில் ஒரே ஆட்டம், அதுவும் மாற்று வீரராகச் சில நிமிடம். அந்தத் தரத்தில் ஆடும் நிலையில் அவர் இல்லை என்று மேலாளர் டோனி புலிஸ் வெளிப்படையாகவே சொன்னார். 2016இல் ஆர்சனல் அவரை ஜெர்மனியின் வெர்டர் பிரெமனுக்கு விற்றது. மூன்றே ஆண்டில் பயர்ன் மியூனிக் வீரராக வந்து டாட்டன்ஹாமின் வலைக்குள் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டார். 2020இல் சாம்பியன்ஸ் லீக் வென்றார். கேனும் லேட்டன் ஓரியண்ட், மில்வால், நாரிச், லெஸ்டர் என்று நான்கு இடங்களுக்குக் கடனில் போனவர்தான். 2013இல், மேல் லீக்குக்கு ஏறுவதற்கான பிளே ஆஃப் அரையிறுதியில், லெஸ்டரின் பெஞ்சில் அவரும் பின்னாளில் பெரும் பெயர் எடுத்த ஜேமி வார்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 2014-15இல், 21 வயதில், டாட்டன்ஹாமுக்காகக் கேன் அடித்தது ஒரே பருவத்தில் 31 கோல்.

ஆகவே கடனில் போன பையனைப் பற்றி நான் தெரிந்துகொள்ள முயல்வது மூன்றே விஷயம். அவனைக் கேட்டு வாங்கிய மேலாளர் இன்னும் பதவியில் இருக்கிறாரா? அவனுடைய சொந்த இடத்தில் ஆடவைக்கிறார்களா? உடல் நலமாக இருக்கிறதா? ஸ்மித் ரோ லைப்சிக்கில் கடனில் இருந்தபோது காயத்தால் ஆட்டமே பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஹடர்ஸ்ஃபீல்டில்தான் தொடர்ந்து ஆடினார். 2020 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆர்சனல் லீக்கில் தொடர்ந்து ஏழு ஆட்டம் வெல்லாமல் பதினைந்தாம் இடத்தில் கிடந்தபோது, செல்சீக்கு எதிராக அவரையும் சாகாவையும் இன்னோர் இளைஞரான மார்ட்டினெல்லியையும் சேர்த்து இறக்கினார் ஆர்டேட்டா. 3-1 வெற்றி. வேறு வழியில்லாமல் போகும்போதுதான் பெரிய கிளப்புகளுக்கு இளைஞர்கள்மேல் நம்பிக்கை பிறக்கிறது என்று சொன்னால் கொஞ்சம் குரூரம். ஆனால் சாகா லெஃப்ட் பேக்காக ஆடித் தன் இடத்தைப் பிடித்ததும், நடுக்கள வீரராக வளர்ந்த லூயிஸ் ஸ்கெல்லி அதே இடத்தில் உள்ளே நுழைந்ததும், அந்த இடத்தில் ஆட வேண்டியவர்கள் காயத்தில் விழுந்ததால்தான்.

கிளப்பின் பொறுமைக்கு ஒரு கணக்குப் புத்தகமும் இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கிய வீரரின் விலை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டுச் செலவாக எழுதப்படும். அகாடமியில் வளர்ந்தவருக்கு அப்படி விலை ஏதும் இல்லை. விற்றால் வரும் தொகை முழுதும் லாபம். பிரீமியர் லீக்கின் நிதி விதிகள் கழுத்தை நெரிக்கும்போது இது பெரிய சபலம். செல்சீ மேசன் மவுண்ட்டையும் கானர் கலகரையும் விற்றது இந்தப் பின்னணியில்தான். ஆர்சனல் 2024 ஆகஸ்டில் ஸ்மித் ரோவை ஃபுல்ஹாமுக்கும், எட்டி என்கெட்டியாவைக் கிரிஸ்டல் பேலஸுக்கும் விற்றது. வருத்தமாக இருந்தது, தவறு என்று சொல்ல மாட்டேன். 2021-22இல் லீக்கில் பத்துக் கோல் அடித்த ஸ்மித் ரோவுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இடம் கிடைக்கவேயில்லை. அவரைப் பெஞ்சில் வைத்துக்கொண்டே பொறுமை காட்டுகிறோம் என்பது அவருக்குச் செய்யும் நல்லதா? விடை கொடுப்பதும் சில சமயம் மரியாதைதான். நாம் போட்டிருக்கும் சட்டையின் முதுகில் அவர் பெயர் இருக்கிறது என்பதற்காக அவர் இளமையை அடமானம் வைக்கச் சொல்ல முடியாது.

அரங்கில் நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. செய்யாமல் இருக்கக்கூடியது நிறைய. அறுபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் "ச்சே" என்று மூச்சு விடும் ஓசை ஓரக்கோட்டில் நிற்கும் பையனுக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஓசைக்குப் பிறகு அவனுடைய அடுத்த பாஸ்களைக் கவனியுங்கள், எல்லாம் பின்னோக்கியே போகும். பிறகு, "தைரியமே இல்லை" என்று நாமே குறை சொல்வோம். கைப்பேசி இதைவிட மோசம். 2021இல் நடந்த யூரோ கோப்பை இறுதியில் இங்கிலாந்துக்காக அடித்த பெனால்டியைத் தவறவிட்டபோது சாகாவுக்கு வயது 19. சமூக ஊடகத்தில் அவர்மேல் கொட்டப்பட்ட இனவெறியை இங்கே திரும்ப எழுத மனம் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் டாட்டன்ஹாம் அரங்கில் நடந்த நட்பு ஆட்டத்தில், பரம எதிரிகளான டாட்டன்ஹாம் ரசிகர்கள் அவரைக் கைதட்டி வரவேற்றுப் பதாகை பிடித்தார்கள். டாட்டன்ஹாமைப் பற்றி நான் நல்லதாக எழுதும் ஒரே வாக்கியம் இதுவாக இருக்கும்.

நான் எனக்கென்று வைத்துக்கொண்ட வழக்கங்கள் எளிமையானவை. இளம் வீரரின் சமூக ஊடகக் கணக்கில் நேரடியாக எதையும் எழுதுவதில்லை, பாராட்டுகூட. முதல் பருவத்தை வைத்து எதுவும் சொல்வதில்லை. எதிரணிகள் காணொளி பார்த்துப் பாடம் படித்துவிட்ட இரண்டாவது பருவத்தைப் பார்க்கிறேன். "அடுத்த இன்னார்" என்ற ஒப்பீடு வந்தால் பேச்சை மாற்றிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் லீட்ஸுக்கு எதிராக 15 வயது மேக்ஸ் டவ்மன் களமிறங்கி ஒரு பெனால்டியை வாங்கிக்கொடுத்த மாலையில் இந்தக் கடைசி வழக்கத்தைக் காப்பாற்றுவது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

அடுத்து விவாதம் லூயிஸ் ஸ்கெல்லியைப் பற்றி வந்தது. 2025 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் லெஃப்ட் பேக்காகத் தொடங்கியவர். அதற்கு முந்தைய மாதம் அல்பேனியாவுக்கு எதிராக இங்கிலாந்துக்கு முதல் முறை ஆடி, முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்த இளையவர் என்ற பெயரையும் பெற்றார். அடுத்த பருவம் தொடங்கியதும் அந்த இடம் ரிக்கார்டோ கலஃபியோரியிடம் போனது, இங்கிலாந்து அணியிலும் இடம் நழுவியது. விற்றால் எவ்வளவு வரும் என்று நண்பர்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். சம்மணமிட்ட படத்தைத் தங்கள் கைப்பேசியின் முகப்பில் வைத்திருந்தவர்களும் அதில் உண்டு. என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அவர் நடுக்களத்தில் தொடர்ந்து பத்து ஆட்டம் ஆடி நான் இன்னும் பார்க்கவில்லை என்றேன்.